பாலத்து வாசலில் ஒரு பனிக்குவியல்

காலை வெயில் சூடில்லாமல் விழுகிறது. கூரையும் சுவருமாக நின்ற எங்கள் மரப்பாலம், நேற்றிரவு எரிந்து, உறைந்த ஆற்றின்மேல் கரிக்கட்டைகளாகப் புகைந்துகொண்டிருக்கிறது. கூரைக்குக் கீழே பனி விழாது. சறுக்குவண்டிகள் ஓட வேண்டுமே என்று குளிர்காலம் முழுக்கப் பாலத்துக்குள் பனியை வாரிக் கொட்டுவது அஸ்ரோவின் வேலை. பனி வாரும் பலகையோடு நிற்கும் அவன்மேல்தான் ஊரின் கண். “உன் பொகையிலைப் பைப்பு நெருப்புதானய்யா?” என்கிறாள் பால்பண்ணை லவினியா. “நேத்து சாயங்காலந்தான் ஒரு ஜாண் உசரத்துக்கு ஈரப்பனி கொட்டுனேன். அதுல பொறி விழுந்தா புஸ்ஸுன்னு அணைஞ்சிருக்கும்” என்கிறான் அஸ்ரோ. “அப்ப அந்தப் பனி எங்கய்யா போச்சு?”

அஸ்ரோ கரையோரத்தைக் காட்டுகிறான். அங்கே குதிரைச் சாணமும் வைக்கோலும் கலந்த பனி, யாரோ சுரண்டித் தள்ளியதுபோல் குவிந்திருக்கிறது. சாம்பல் அதன் மேலே மட்டும் படிந்திருக்கிறது; தீப்பிடிப்பதற்கு முன்பே தள்ளிய பனி. இரும்புப் பாலம் வேண்டுமென்று ஒரு வருடமாக மல்லுக்கு நிற்கும் ஊர்த்தலைவர் ஹாலிஸ் அவசரமாக முன்னால் வருகிறார். “கொண்டாய்யா பலகைய. வழியில கெடக்கு, ஆத்து மேல வாரி எறைச்சிடறேன்.” குவியல் யாருடைய வழியிலும் இல்லை. “ஏன் தலைவரே, நீங்க பலகை புடிச்சு இந்த ஊரு பாத்ததே இல்லையே!” என்கிறாள் லவினியா. யாரும் சிரிக்கவில்லை. ஹாலிஸ் நீட்டிய கை நீட்டியபடியே நிற்கிறது. அதன் உள்ளங்கையில் புதிதாக இரண்டு கொப்புளங்கள்.