இறங்கிய பிறகும் அறுபத்துநான்கு

அன்று காலை ஜிம்மில் நான், என் மகன், என் மாப்பிள்ளை, பயிற்சியாளர் ஆகிய நால்வர் மட்டுமே இருந்தோம். மகனுக்கு அது முதல் நாள்.

எடைக்கருவியில் ஏறினான். அறுபத்துநான்கு காட்டியது. இறங்கிய பிறகும் எண் மாறவில்லை.

“பேட்டரி போயிருக்கும்,” என்று பயிற்சியாளர் புதியது போட்டார். மறுபடியும் அறுபத்துநான்கு.

“மச்சான் கனத்துல மிஷினே மூச்சடைச்சு நிக்குது,” என்று சிரித்தபடி மாப்பிள்ளை ஏறினார். அவர் எடை எழுபத்தெட்டு. கருவி நூற்று நாற்பத்திரண்டு காட்டியது. அவர் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

“அப்பா, நாமளும் போயிடலாம்பா.”

“நம்ம வீட்டு ஆம்பளைங்க எதையும் பாதியில விட்டதில்ல. போய்ப் படு.”

என் சொல்லைத் தட்டாமல் பெஞ்சில் படுத்தான். அப்போதுதான் கருவி பூஜ்யத்துக்கு வந்தது. மறுகணம் அவன் கால்மாட்டில் பெஞ்சின் மெத்தை, யாரோ உட்கார்ந்தாற்போல், மெல்ல அமுங்கியது. சொன்ன பயிற்சி முழுவதையும் அவன் கண்ணை மூடிக்கொண்டு செய்து முடித்தான்.

என் மகன் பயந்து, ஜிம்மிலிருந்து வீடுவரை தனியாக ஓடிவந்தான் என்று உறவுக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். இருவரும் என் பின்னால் நிதானமாக நடந்துதான் வந்தார்கள்.