பெயர் போட்ட பைகள்

டங்கென்று இரும்புச் சட்டி பில் போடும் மேஜைமேல் இறங்கியது.

மேஜைக் கண்ணாடி உடையவில்லை. ஆனால் ஜவுளிக்கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

முதலில் பார்த்தார்கள். பிறகுதான் மூக்கைப் பொத்தினார்கள்.

சட்டி நிறையக் கறுப்புச் சேறு. சேற்றுக்குள் பைகள். ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, முறுக்கிக்கொண்டு, வடக்கயிறு போலத் திரண்டு கிடந்த பிளாஸ்டிக் பைகள்.

அவள் சட்டியிலிருந்து கையை எடுத்தாள். முழங்கைவரை சாக்கடை. புடவைக்கு மேலே போட்டிருந்த பச்சைச் சட்டையில் நகராட்சி முத்திரை எது, சேறு எது என்று தெரியவில்லை.

கடை முதலாளி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா? ஆடித் தள்ளுபடி ஓடுது. ஜனம் நிக்குது. எதைக் கொண்டாந்து எங்க வெக்கிறே?"

அவள் ஒரு பையைப் பிடித்து இழுத்தாள். வழுக்கிக்கொண்டு வந்தது. மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து அதன்மேல் ஊற்றினாள்.

மஞ்சள் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. இந்தக் கடையின் பெயர். அதன் கீழே, 'எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை.'

இரண்டாவது பை.

அதே பெயர்.

மூன்றாவது.

அதே.

"வேற கிளை இல்லைன்னு போட்டிருக்கு. சாக்கடையில ஒண்ணு இருக்கும் போலயே" என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

சிரிப்பு எழுந்தது. முன்னால் நின்ற பெண், தன் கையிலிருந்த புதுப் பையை மெல்ல முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

முந்தாநாள் மழையில் சாக்கடை பொங்கி இந்தக் கடைப் படியேறியது. வாடிக்கையாளர்கள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். துப்புரவு ஆள் வேலையே செய்வதில்லை என்று முதலாளி நகராட்சியில் புகார் கொடுத்தார்.

இந்தத் தெருவின் துப்புரவு ஆள் அவள்தான்.

இன்று காலை மேஸ்திரி தணிகாசலம் புகார்ச் சீட்டை அவளிடம் நீட்டினார். அடைப்பை எடுத்துவிட்டுப் புகார் கொடுத்தவரிடமே கையெழுத்து வாங்கி வர வேண்டும். பன்னிரண்டு மணிக்குள். இல்லையென்றால் நாளையிலிருந்து வர வேண்டாம்.

ஒப்பந்த வேலை. வர வேண்டாம் என்றால் வர வேண்டாம்தான்.

முதலாளி அவளை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துப் பேசினார்.

"பையை நான் குடுக்கறேன், சரி. தெருவுல போடறது யாரு? நானா? வியாபாரிகள் சங்கத்துலயே சொல்லிட்டேன். பைக்குத் தடை போட்டா, பட்டுப்புடவையைத் தலையில கட்டிக்கிட்டா போவாங்க?"

இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

"துணிப்பை குடுங்களேன்" என்றார் வரிசையில் நின்றவர்.

"குடுக்கலாம். அந்தக் காசைப் பில்லுல போட்டா, மொதல்ல சண்டைக்கு வர்றது நீங்கதான்."

அவர் வரிசையில் ஓர் அடி பின்வாங்கினார்.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றே முக்கால்.

அவள் இரண்டு விரல்களை மட்டும் கொசுவத்தில் அழுந்தத் துடைத்தாள். சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டை எடுத்துப் பிரித்து, சேறு படாத இடமாகப் பார்த்து வைத்தாள்.

முதலாளி படித்தார். முகம் தெளிந்தது.

"அட, கையெழுத்துதானா? இதுக்கா இவ்வளவு கூத்து? வாசல்ல நின்னு கேட்டிருந்தா போட்டுக் குடுத்திருப்பேனே."

பேனாவைத் திறந்தார். பெரிதாக, சுழித்துக் கையெழுத்துப் போட்டார். சீட்டை அவள் பக்கம் நகர்த்தினார். பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

"அடைப்பு போயிடுச்சு. உன் வேலையும் தப்பிச்சுது. சட்டியைத் தூக்கு."

பன்னிரண்டு மணிக்கு இன்னும் பத்து நிமிடத்துக்கு மேல் இருந்தது. நகராட்சி அலுவலகம் மூன்று தெரு தள்ளி. இப்போது கிளம்பினால் போய்விடலாம். நாளைக் காலை ஆறு மணிக்குப் பெயர் கூப்பிடும்போது அவள் பெயரும் இருக்கும்.

அவள் சீட்டைப் பார்த்தாள்.

எடுக்கவில்லை.

ஒற்றை விரலால் அதைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினாள்.

"இன்னும் என்ன?"



முதலாளி சீட்டை இரண்டு கைகளாலும் எடுத்தார். நடுவில் பிடித்தார்.

"இப்படியே கிழிச்சுப் போட்டேன்னு வெய்யி. நாளைக்கு எங்க போய் நிப்பே?"

யாரும் சிரிக்கவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றிருந்தன. சட்டியின் விளிம்பிலிருந்து சேற்றுநீர் சொட்டிக் கண்ணாடிமேல் ஓடியது.

கடிகாரத்தை அவள் பார்க்கவில்லை.

மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். அவரிடம் நீட்டினாள்.

"கீழ ஒரு கட்டம் காலியா இருக்கு, சார். எதனால அடைச்சுதுன்னு எழுதணும். எப்பவும் மேஸ்திரி மண்ணுன்னு எழுதிடுவாரு. இன்னிக்கு நீங்க எழுதுங்க."