நீ சொன்னதுதான் சரி

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஜேரே முதல் பொய்யைச் சொன்னான்.

"மச்சான், அந்தப் பழைய கால்பந்து ஆட்டம் இருக்கே, அதப் பத்தி நீ சொன்னதுதான் சரி."

கட்டிலில் கிடந்த முத்தாலேவுக்குத் தலை முழுக்கக் கட்டு. வீட்டுக் கூரைத் தகரத்தைச் சரிசெய்ய ஏறி, விழுந்து, என்டோலா நகர ஆஸ்பத்திரியில் மண்டையில் ஆபரேஷன் ஆகி நான்கு நாள். இன்று காலைதான் கண் விழித்தான். விழித்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

பேச்சு வருமா, வந்தாலும் பழைய ஆளாக இருப்பானா என்று டாக்டருக்கே தெரியவில்லை. அவனுக்குப் பிடித்ததைப் பேசச் சொன்னார்கள். கோபப்படுகிற மாதிரி எதுவும் கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லித்தான் உள்ளே விட்டார்.

அங்கேதான் ஜேரே மாட்டிக்கொண்டான்.

ஜேரே ங்கோனி இனம். முத்தாலே பெம்பா இனம். இரண்டு ஜனமும் ஒருவரை ஒருவர் கேலி பேசும் முறைக்காரர்கள். பார்த்தால் திட்டித்தான் ஆக வேண்டும். இவன் அவனைக் குரங்குதின்னி என்பான், அவன் இவனை எலிதின்னி என்பான். கல்யாணத்திலும் விடமாட்டார்கள், காய்ச்சலில் கிடந்தாலும் விடமாட்டார்கள்.

அது போதாதென்று இருபது வருஷமாக சனிக்கிழமை மதியமானால் முத்தாலே வீட்டில் ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி, ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக். ஆடுவதைவிட வழக்காடுவதுதான் அதிகம். முத்தாலேவிடம் எல்லா ஆட்டத்துக்கும் ஒரு தீர்ப்பு இருக்கும். ஜேரே எதையும் ஒப்புக்கொண்டதில்லை.

அந்தக் கால்பந்து ஆட்டம் திருட்டு டிஸ்க். வர்ணனை முழுக்க ஜப்பான் பாஷை. உலகத்திலேயே சிறந்த வர்ணனை அதுதான் என்பது முத்தாலேவின் கட்சி. திட்டுகிறானா புகழ்கிறானா என்று தெரியாது, அதனால் தோற்றவனுக்கும் வலிக்காது. பிறகு வந்த ஆட்டங்களில் புல் மட்டும்தான் அழகு, பந்துக்குக் கனமே இல்லை என்பான்.

ஜேரேவுக்கு அந்த டிஸ்க்கைக் கண்டாலே ஆகாது. அதில் ஆட்டக்காரர்கள் வாத்து மாதிரி ஓடுவார்கள்.

"மழ பேஞ்சா பந்து சேத்துல நிக்கும் பாரு. அந்த மாதிரி இப்ப எவன் செய்றான்?" என்றான் ஜேரே, நாக்கைக் கடித்துக்கொள்ளாத குறையாக.

முத்தாலேவின் கண் மெல்ல அவன் பக்கம் திரும்பியது. உதடு நடுங்கியது.

கேட்கிறது! ஜேரேவுக்குத் தெம்பு வந்தது. வாசலில் நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் நின்றிருந்த முத்தாலேவின் மனைவி, மேலே பேசச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

அடுத்தது கார் பந்தயம். கியரைக் கையால் மாற்றாதவன் டிரைவரே இல்லை, பஸ்ஸில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்தவன் என்பது முத்தாலேவின் தீர்ப்பு. ஆட்டத்தை நடுவில் சேமித்து வைப்பவன் கோழை; கரண்ட் போவதற்குள் முடிப்பவன்தான் வீரன். ஜேரே எப்போதும் தானியங்கி கியர்தான் வைப்பான். அவன் ஜெயிக்கப்போகிற நேரம் பார்த்துத்தான் என்டோலாவில் கரண்ட்டும் போகும்.

கசப்பு மருந்தைக் குடிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அதையும் சொன்னான்.

"கியர் விஷயத்துலயும் நீதான் சரி மச்சான். நான்தான் தப்பு."

முத்தாலே கண்ணை மூடிக்கொண்டான். ஒரு சொட்டுக் கண்ணீர் காதோரம் இறங்கித் தலைக்கட்டில் ஊறியது.

ஜேரே இருபது வருஷத்தில் ஒரே ஒரு தடவை இப்படிச் சொல்லியிருந்தால், முத்தாலே கட்டில்மேல் ஏறி ஆடியிருப்பான். தெருவெல்லாம் போய்ச் சொல்லியிருப்பான். இப்போது அழுகிறான். ஆள் போய்விட்டான், உடம்பு மட்டும்தான் மிச்சம் என்று ஜேரே பயந்துபோனான்.

மிச்சமிருந்தது, மேலிருந்து கட்டை விழ விழ அடுக்குகிற ஆட்டம். ஓரத்தில் ஒரு வரிசையைக் காலியாக விட்டு, நீளக் கட்டைக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது முத்தாலேவின் சித்தாந்தம்.

"அந்தக் கட்ட விழுற ஆட்டத்துலகூட மச்சான், நீ..."

சொல்ல முடியவில்லை. பொய்க்கும் ஒரு அளவு உண்டு. நான்கு நாள் பயமும் சேர்ந்துகொண்டு வாய் தானாக அவிழ்ந்துவிட்டது.

"போடா குரங்குதின்னி! நீளக் கட்ட வரும் வரும்னு வாயப் பொளந்துக்கிட்டு உக்காந்திருப்பே. கழுத்து வரைக்கும் அடைச்சுக்கிட்டுத் தோப்பே. ஒரு தடவயாச்சும் வந்துச்சா? உன் கால்பந்தும் குப்ப, உன் கியரும் குப்ப, நீ சொன்னது ஒண்ணுகூடச் சரியில்ல!"

வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் வேகமாக வந்தார். ஜேரே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

முத்தாலே கண்ணைத் திறந்தான். அடக்கி வைத்திருந்த மூச்சு முழுவதும் வெளியே வந்தது. வாய் இரண்டு தடவை வெறுமனே அசைந்தது. மூன்றாவது தடவை சத்தம் வந்தது.

"எலிதின்னி... வந்துச்சு. ரெண்டு தடவ வந்துச்சு."

வாசலில் அவன் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். ஜேரேவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் ஓவென்று அழுதான்.

"அப்புறம் எதுக்குடா கண்ணீர் விட்டே, பாவி?"

முத்தாலே ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான்.

"காலைல நாக்கு புரளல. சரி, மெதுவா வந்துரும்னு தைரியமாத்தான் கெடந்தேன். நீ வந்து உக்காந்தே. 'நீ சொன்னதுதான் சரி'ன்னே."

கொஞ்சம் மூச்சு வாங்கினான்.

"டாக்டர் கைவிரிச்சிட்டார்னு நெனச்சிட்டேன்டா."