பம்பு போயிருச்சு

பழைய ரிப்பேர் பாக்கியெல்லாம் சேர்த்து மாதேஸ்வரி தரவேண்டியது ஏழாயிரத்து நானூறு ரூபாய் என்று மெக்கானிக் திம்மராயன் பில் எழுதி வைத்திருந்தான்.

புருஷன் முனீஸ்வரனின் காரியம் முடிந்த நாலாம் நாளே, பாகலூர் ரோட்டு ஒர்க்‌ஷாப்புக்கு அவள் பணத்தோடு வந்துவிட்டாள்.

“வண்டியில என்னதாண்ணா கோளாறு?”

“பம்பு போயிருச்சும்மா. பழைய டீசல் வண்டி இல்லியா.”

“அன்னிக்கு விடிகாலைக் குளிர்ல நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு பின்சீட்டுல கெடந்தாரு. நான் சாவியைத் திருப்பித் திருப்பி, பேட்டரியே எறங்கிப்போச்சு. எனக்கு எடுக்கத் தெரியலைன்னு ஊரே பேசுது.”

“நானே வந்திருந்தாலும் அது கெளம்பியிருக்காது.”

“நெசமாவாண்ணா?”

மூலையில் கிடந்த பம்பை எடுத்துக் காட்டினான். சாவு வீட்டில் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தவள் இப்போது வாய்விட்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பணத்தை நீட்டினாள்.

“வேணாம்மா. அவரு முன்னமே குடுத்து வெச்சிட்டாரு.”

“அப்ப வண்டியை நீங்களே வித்துக் குடுத்துருங்கண்ணா” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

அவன் காட்டியது வேறு யாருடைய வண்டிப் பம்போ. இந்த வண்டிக்குக் குளிர்காலத்தில் சாவியைப் போட்டதும் ஒரு மஞ்சள் லைட் எரியும். எஞ்சின் சூடேறி அது அணைந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அந்த பல்பு போன மாசமே ஃபியூஸ் போயிருந்தது.

“பல்பு எதுக்குண்ணா தண்டச்செலவு? பத்து எண்ணிட்டுத் திருப்புங்க” என்று முனீஸ்வரனிடம் சொன்னதே திம்மராயன்தான். மாதேஸ்வரிக்கும் சொல்லிவைக்க வேண்டும் என்று ரெண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அவள் பஸ் ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பில்லைக் கிழித்துப் போட்டான்.