அந்தரத்தில் ஒரு குழந்தை

"படத்தைத் திறந்தா திரை முழுக்கக் கறுப்பு. மெனு தெரியுது, அம்பு ஓடுது. படம் மட்டும் இல்ல."

ஸ்டுடியோக்காரி சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. கடைத்தெருவில் யாருடைய கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள்; பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. சாதாரணக் கோளாறு என்றால் கொட்டாவி விடுவான். விநோதமான கோளாறு என்றால் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வருவான். இன்றைக்கு ஓடித்தான் வந்திருந்தான்.

"வேற படம் திறந்து பாத்தீங்களா?"

"எதைத் திறந்தாலும் இதே கதிதான்."

"பிரமாதம்," என்றான்.

அவளிடம் இருந்தது ஒரு குடும்பப் படம். புது வீட்டுச் சுவரில் மாட்ட ஆளுயரத்துக்கு வேண்டுமாம். சாயங்காலத்துக்குள் பிரிண்ட்டுக்குப் போயாக வேண்டும். அதற்குமுன் படத்திலிருந்து ஓர் ஆளை எடுக்க வேண்டும். ஏன் என்று கேட்டான். வேண்டாமாம், அவ்வளவுதான் சொன்னார்கள் என்றாள்.

"ஒரு ஆளைத் தூக்கறதுக்கா இவ்வளவு யோசனை? கிராபிக்ஸ் கார்டு மட்டும் முழிச்சுக்கட்டும். ஓரத்தை வளைச்சு ஒரு தட்டு. அந்த ஆள் நின்ன தடமே இருக்காது. நானே எடுத்துத் தரேன் மேடம்."

"அவர் தோள்ல ஒரு குழந்தை உக்காந்திருக்கு. அவரை எடுத்தா குழந்தை அந்தரத்துல நிக்கும்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. "கீழ ஒரு ஸ்டூலைப் போடுங்க. முடிஞ்சது ஜோலி."

அவள் சிரிக்கவில்லை. மேசையில் அவள் போன் அதிர்ந்தது. எட்டிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். படத்துக்குச் சொந்தக்காரர் அவசரப்படுத்துகிறார் போலும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

மென்பொருளின் அமைப்புகளுக்குள் போனான். படத்தை வரைகிற வேலையைக் கிராபிக்ஸ் கார்டிடம் ஒப்படைக்கும் கட்டத்தில் டிக் விழுந்திருந்தது. அதை எடுத்தால் கறுப்பு போய்விடும்.

"அதை மட்டும் எடுக்காதீங்க, வேலை ஓடாது," என்றாள் அவசரமாக.

அவனுக்கும் அந்த எண்ணம் இல்லை. கார்டை ஒதுக்கிவிட்டால் படம் வரும், ஆனால் ஆளுயரப் படம் நொண்டி நொண்டித்தான் நகரும். அது வைத்தியம் இல்லை, ஊன்றுகோல்.

கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைத் துடைத்தெடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டான். கறுப்பு. அமைப்புகளை எல்லாம் முதல் நாள் நிலைக்குக் கொண்டுபோனான். கறுப்பு. ஒவ்வொரு கறுப்புக்கும் அவன் முகம் இன்னும் பிரகாசமானது. கெட்டிக்காரக் கோளாறு, விடமாட்டேன் என்று திரையோடு பேசினான். அவள் வைத்த டீ ஏடு கட்டிக் கிடந்தது.

"வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டுட்டு வாங்களேன்."

"வீட்டுல யார் காத்துக்கிட்டிருக்கா? நானும் நாலு ஓட்டை மெஷினும்தான்."

அவள் அவனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கவனிக்கவில்லை. கார்டின் பெயர் எழுதியிருந்த இடத்தில் அவன் கண் அப்போதுதான் விழுந்திருந்தது. அவள் ஆசைப்பட்டு வாங்கிய பெரிய கார்டின் பெயர் அங்கே இல்லை. மதர்போர்டோடு ஒட்டிப் பிறந்த சின்னச் சிப்பின் பெயர் இருந்தது.

"சிங்கத்தைக் கட்டிப் போட்டுட்டுப் பூனையை வேலைக்கு அனுப்பியிருக்கோம் மேடம்," என்று கத்தாத குறையாகச் சொல்லிவிட்டு மேசைக்கு அடியில் புகுந்தான்.

போன் வெளிச்சத்தில் பெட்டியின் முதுகு தெரிந்தது. மானிட்டர் கேபிள் கார்டில் இல்லை. மேலே, மதர்போர்டின் துளையில் சொருகியிருந்தது. மற்றக் கேபிள்கள் தூசியைக் கம்பளியாகப் போர்த்தியிருந்தன. இதன் கழுத்து மட்டும் துடைத்த மாதிரி இருந்தது.

"யாரோ புதுசா மாத்திச் சொருகியிருக்காங்க."

"அப்படியா?" என்றது மேலிருந்து வந்த குரல். அதில் ஆச்சரியம் போதவில்லை.

கேபிளைப் பிடுங்கிக் கார்டில் சொருகினான். முழங்காலைக்கூடத் தட்டிக்கொள்ளாமல் நாற்காலியில் ஏறி மெஷினை மறுபடி உயிர்ப்பித்தான். மென்பொருளில் இப்போது சிங்கத்தின் பெயர். படத்தைத் திறந்தான். ஆளைத் தூக்குவதற்கு விரல் மவுஸின் மேல் தயாராக இருந்தது.

கறுப்பு விலகியது. நடுவில் சிரித்துக்கொண்டிருந்தது அவன் அக்கா. சண்டை போட்டு அவன் வீட்டை விட்டு வெளியேறிய பிறகு பார்க்காத முகம். பக்கத்தில் மாமா. ஓரத்தில் நீலச் சட்டையில், அக்கா மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவன். குழந்தை அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்திருந்தது.

விரல் மவுஸிலேயே நின்றுபோயிற்று.

"கேபிளை மாத்தினது நான்தான்," என்றாள் ஸ்டுடியோக்காரி. "உயிரோட இருக்கறவங்களை அவங்களைக் கேக்காம நான் படத்துலேர்ந்து எடுக்கறதில்ல, போன்ல கேட்டா வீம்புக்கு எடுத்துருங்கன்னு சொல்லிருப்பீங்க. இப்ப பாத்துட்டுச் சொல்லுங்க டாக்டரே, குழந்தைக்குக் கீழ எந்த ஸ்டூலைப் போடட்டும்?"