விட்ட இடத்திலிருந்து

ஒரு மடிக்கணினிக்குள் ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. சத்தம் நின்று பத்து விநாடி ஆனாலோ, மூடியைச் சாத்தினாலோ அதைத் தூங்க வைப்பது டிரைவர் என்ற மென்பொருளின் வேலை. எத்தனை நாள் கழித்து எழுப்பினாலும் விட்ட இடத்திலிருந்து ஓர் எழுத்துக்கூடச் சிந்தாமல் தொடர வைப்பேன் என்று டிரைவருக்கு ஏகப்பட்ட பெருமை.

ஒருநாள் வீடியோ அழைப்பில் பூரணி பேசினாள். "நான் சொல்றதை..." என்பதற்குள், இந்தப் பக்கம் மடிக்கணினி முன் இருந்த அவள் கணவன் கோபத்தில் மூடியை அறைந்து சாத்தினான். ஸ்பீக்கர் வாயில் பாதிப் பேச்சோடு தூங்கிப்போனது.

மூடி திறந்தது. கண் மூடித் திறந்தாற்போலத்தான் இருந்தது ஸ்பீக்கருக்கு.

"மிச்சத்தைச் சொல்லு," என்றார் டிரைவர்.

"...கொஞ்சம் கேளுங்களேன்," என்றது ஸ்பீக்கர், பூரணியின் குரலில்.

எதிரே கணவன் வெளிறிப்போனான். அவனுக்குப் பின்னால் சுவரில் பூரணியின் படம். அதன் மாலை எப்போதோ காய்ந்திருந்தது.

"சொல்லு பூரணி, கேக்கறேன்," என்றான்.

ஸ்பீக்கர் பதறியது. "அடுத்து என்ன?"

"என்கிட்ட இருந்தது அவ்வளவுதான்," என்றார் டிரைவர்.

அவன் குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்துக் காத்திருந்தான். டிரைவர் எண்ணத் தொடங்கினார். பத்து வந்ததும் ஸ்பீக்கருக்குக் கண் சொருகியது.