அவளுக்குக் கேட்கும் குரல்

பக்கவாதத்தில் விழுந்த மனைவி குளோரியிடம் செல்வின் ஐம்பது நாளாகப் பேசிக்கொண்டிருந்தார். அவள் கண் திறந்திருக்கும். பார்வை மட்டும் எதிலும் நிற்காது.

அன்று தூத்துக்குடி மருத்துவமனையில் செவித்திறன் நிபுணர் ரெஜினா குளோரியின் தலையில் மெல்லிய கம்பிகளை ஒட்டினார். மூளையில் ஒலி எப்படிப் பதிகிறதோ, அது அப்படியே ஸ்பீக்கரில் கேட்கும். செல்வின் தம் கீச்சுக்குரலில் "குளோரி" என்றார். வெறும் இரைச்சல்தான் வந்தது.

"கீழ் சுருதி மட்டும்தான் சார் இப்ப அவங்களுக்குப் பதியுது. கட்டைக்குரல்ல யாராச்சும் பேசிப் பார்க்கலாம்."

அப்படிக் குரல் உள்ளவர் குளோரியின் அண்ணன் தர்மராஜ். ஒரு கல்யாண வீட்டுச் சண்டைக்குப் பின் இரு வீட்டுக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. செல்வின் போன் செய்தார்.

ஒரு மணி நேரத்தில் தர்மராஜ் வந்து நின்றார்.

"குளோரி, அண்ணன் வந்திருக்கேம்மா."

தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல மங்கலாக, ஆனால் சொல் பிசகாமல், அதே வார்த்தைகள் ஸ்பீக்கரில் கேட்டன. குளோரியின் கண்ணில் நீர் கோத்தது.

"மாப்ள, நீங்க என்ன சொல்லணுமோ எங்கிட்ட சொல்லுங்க. நான் அவகிட்ட சொல்லுதேன்."

செல்வின் கூச்சத்தோடு அவர் காதில் முணுமுணுத்தார்.

"குளோரி, மாப்ள ஒருநாள்கூட உன்ன விட்டுப் போகலம்மா. இங்கதான் நிக்காரு."

அவள் பார்வை மெதுவாக அலைந்து, செல்வின் முகத்தில் வந்து நின்றது.

செல்வின் தர்மராஜின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். "மச்சான், நீங்க மட்டும் வரலன்னா..."

தர்மராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னும் என்ன சொல்லணும்? சொல்லுங்க மாப்ள."